நாக்கில்லாத மணி

இதில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. எழுபத்தாறு வயதில் பொய் சொல்லி நான் சாதிக்கப்போவது ஒன்றுமில்லை. சாதிக்க வேண்டிய பொய்களை உத்தியோகத்தில் இருந்தபோதே சொல்லி முடித்துவிட்டேன். என் கண்ணாணை. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று என்பதால், தெளிவாகத் தெரிகிற கண்ணின் மேலேயே ஆணை.

துப்பறிந்தவர் நான் அல்ல, என் சம்பந்தி. என் மகளின் மாமனார். எடை அளவு இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம் ஆய்வாளராக இருந்தவர். கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்துவதும், முத்திரை இல்லாத தராசுக்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பதும் அவர் தொழில். ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறிய ஆரம்பித்தார். காணாமல் போன பொருள் எதையும் அவர் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. கண்டுபிடித்ததை ஊரைக் கூட்டிச் சொல்லாமல் விட்டதும் இல்லை. முதலாவது திறமை, இரண்டாவது வியாதி. நான் அவருக்கு உதவியாளன். பையைத் தூக்குவதும் குறுக்கே பேசுவதும் என் வேலை.

வெளிநாடு கிளம்பிய அன்றே விமான நிலையத்தில் என் பெட்டியைச் சுண்டுவிரலால் தூக்கிப் பார்த்து, "இருபத்து மூணு கிலோ நானூறு" என்றார். இயந்திரம் இருபத்து மூன்று இருநூறு காட்டியது. "மிஷின் தப்பு" என்று நின்றுவிட்டார். விமானத்தை நிறுத்திவைத்து இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே யாரோ மறந்து வைத்த கைக்குட்டை சிக்கியிருந்தது. விமானி இறங்கி வந்து சம்பந்தியின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். இதையெல்லாம் விவரமாகச் சொல்ல இடமில்லை.

அந்த நாட்டில் ஏழாம் நாள். பழைய மடாலயத்தையும் ஆற்றோரக் கிராமங்களையும் பார்க்கக் கூட்டிப்போனார்கள். இருபத்திரண்டு பேர் கொண்ட எங்கள் கூட்டத்துக்கு வழிகாட்டி ஒரு பெண். எப்போதும் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பாள் என்பதால் அவளுக்கு மஞ்சள் குடை என்றே பெயர். நம் மொழியும் அவர்கள் மொழியும் தெரிந்தவள். அந்த ஊர்க்காரர்கள் பேசியதாக நான் எழுதுவதெல்லாம் அவள் சொன்னது. கோபம் மட்டும் மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

படகை ஓட்டியவள் ஐம்பது வயதுப் பெண். துடுப்பைவிட அவள் மணிக்கட்டு பருமன். மூன்று கிராமங்களைத் தொட்டுக்கொண்டு படகு போனது. முதல் ஊரில் வீட்டுச் சுவர்களில் பழைய வெள்ளம் ஏறிய அளவைக் கோடு கோடாகக் கீறி, வருஷம் எழுதியிருந்தார்கள். அங்கே காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருத்தியை நாலு பேர் தூக்கிப் படகில் வைத்தார்கள். இரண்டாவது ஊரில் ஒரு கணக்கு வாத்தியார், கட்டுக்கட்டாக விடைத்தாள்களோடு ஏறினார். மூன்றாவது ஊரில் ஒரு செருப்புத் தைக்கிறவர் தன் கடையையே மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் மடாலயத்துப் படித்துறையில்தான் இறங்க வேண்டும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை, சாலை எல்லாம் அந்தக் கரையில். பாலம் வேண்டுமானால் நாற்பது கிலோமீட்டர் மேலே போகவேண்டும்.

"ஐயா, நல்லா பாத்துக்கோங்க" என்றாள் படகுக்காரி. "இன்னிக்குச் சாயங்காலம் இந்தத் துறை உல்லாசப் படகுக் கம்பெனிக்குப் போயிடும்."

"அப்ப இவங்கல்லாம் எங்க இறங்குவாங்க?" என்று சம்பந்தி கேட்டார்.

"அதை யாரும் எங்களைக் கேக்கல. நீங்கதான் முதல்ல கேக்கறீங்க."

விஷயம் இதுதான். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பத்திரம் ஒன்று இருக்கிறது. படித்துறை யாருக்கு என்பதைப் பத்து வருஷத்துக்கு ஒருதரம், இந்த ஒரு நாளில்தான் மாற்றலாம். மாற்றினால், கோபுரத்தின் நிழல் முற்றத்துக் கிணற்றைத் தொடுவதற்குள் மடாலயத்துப் பெரிய மணி தன் நாக்கால் மூன்று முறை ஒலிக்கவேண்டும். ஒலிக்காவிட்டால் பழையபடி கிராமங்களுக்கே இன்னும் பத்து வருஷம்.

"மணி அடிச்சிடுவாங்களா?" என்றேன்.

"அடிக்கத்தான் பாக்கறாங்க. காலையிலேருந்து மணியோட நாக்கைக் காணோம்." துடுப்பைத் தண்ணீரில் ஓங்கிப் போட்டாள். "யாரு எடுத்தாங்களோ, அவங்க கை நல்லா இருக்கட்டும்."

படித்துறையில் இறங்கியதும் இரண்டு காவலாளிகள் அவள் படகைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். பின்னால் மடாலயத்தின் காரியஸ்தர் வந்தார். துறவி அல்ல; வரவு, வாசல், வெளியுலகம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிற கோட்டு போட்ட மனிதர். ஷூவில் முகம் பார்க்கலாம். அவர் அடிக்கடி பார்த்துக்கொண்டும் இருந்தார்.

"ஏழு மணிக்கு அழுக்குத்துணி மூட்டை எடுக்க உள்ள வந்தது இவ ஒருத்திதான்" என்றார். "வெளியாள் வேற யாரும் வரல. கிணத்தை நிழல் தொடறதுக்குள்ள நாக்கு வரணும். இல்லன்னா படகு எங்களுக்கு, இவ போலீசுக்கு."

மூன்று ஊருக்கும் அந்தப் படகு ஒன்றுதான். துறை இருந்து படகு இல்லாவிட்டாலும் ஒன்று, படகு இருந்து துறை இல்லாவிட்டாலும் ஒன்று. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் எடுக்கல. எடுத்திருந்தா ஆத்துல போட்டிருப்பேன். போட்டுட்டு, போட்டேன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன். ஒளிச்சு வச்சு விளையாட எனக்கு நேரமில்ல. துணி துவைக்கணும்."

மஞ்சள் குடை இதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது கெட்ட சகுனம். அவர் கண்ணாடியைத் துடைத்த பிறகு எந்த பஸ்ஸையும் நாங்கள் நேரத்துக்குப் பிடித்ததில்லை.

"சார், நாலு மணிக்கு பஸ்" என்றாள் மஞ்சள் குடை.

"போகட்டும்மா. எங்க ரெண்டு பேர் எடையும் குறைஞ்சா பஸ் இன்னும் வேகமா போகும். நீ மட்டும் இங்கயே இரு. பேச ஆள் வேணும்."

"என் வேலை போயிடும் சார்."

"போனா வேற நல்ல வேலை கிடைக்கும்" என்றேன் நான். "வெயில்ல குடை பிடிச்சுக்கிட்டே அதை மடக்காம, நிழலும் குடுக்காம சுத்தற வேலை எதுக்கு?"

அவள் குடையை மடக்கினாள். கூட்டத்தை டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து எங்களுடன் நின்றுகொண்டாள்.

வாசலில் ஒரு பழைய தராசு தொங்கியது. சம்பந்திக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. வெளியே போகிற மூட்டையையெல்லாம் காரியஸ்தர் அதில் நிறுத்துத்தான் விடுவாராம். யாரையும் நம்புவதில்லை. பக்கத்தில் கரும்பலகை. 'துணி மூட்டை, ஒன்பது கிலோ' என்று இன்றைய தேதியில் சாக்கட்டியால் எழுதியிருந்தது.

"மணியோட நாக்கு எவ்ளோ எடை?"

"இருபத்திரண்டு கிலோ" என்றார் காரியஸ்தர்.

"ஒன்பது கிலோ மூட்டைக்குள்ள இருபத்திரண்டு கிலோவை எப்படிங்க வைக்கிறது? உங்க கையாலதானே எழுதியிருக்கீங்க?"

காரியஸ்தர் ஷூவைப் பார்த்துக்கொண்டார். "மதில் மேலேருந்து ஆத்துல எறிஞ்சிருப்பா. நாக்கைக் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

"தராசு இருநூறு கிராம் கம்மியா காட்டுது. அதையும் சரி பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு சம்பந்தி உள்ளே போனார்.

மடாலயம் என்றால் அப்படி ஒரு அமைதி. தரை தேயக்கூடாது என்று செருப்பின் மேலேயே துணியுறை மாட்டிவிட்டார்கள். இருபது கல் தூண்கள், நூற்றாண்டுகளாக உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்த மர பெஞ்சுகள், சுவரில் மெழுகு வாசனை. என் முழங்கால் மடங்குகிற சத்தம் கோபுரம் வரை கேட்டது.

"எல்லாரையும் விசாரிச்சீங்களா?" என்று சம்பந்தி கேட்டார்.

"பேசற துறவிங்க பதினோரு பேரு. பதினோரு பேரையும் விசாரிச்சாச்சு. ஒருத்தருக்கும் தெரியல" என்றார் பின்னாலேயே வந்த காரியஸ்தர்.

"பேசாத துறவி?"

"ஒருத்தர் இருக்கார். தோட்டம் பாக்கறவர். ஒரு வருஷ மௌன விரதம். அவர்கிட்ட கேள்வி கேட்கறது இங்க குத்தம். கேட்டா அவரைப் பேசத் தூண்டினதா ஆயிடும்."

"நல்ல ஏற்பாடு" என்றேன். "எங்க ஆபீஸ்ல தெரிஞ்சவன் எவனும் வாயைத் திறக்கமாட்டான். நீங்க அதையே சட்டமாக்கிட்டீங்க."

அப்போதுதான் அது நடந்தது. நாங்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் பின்னால் கதவு படாரென்று அறைந்தது. சம்பந்தியின் சட்டை வால் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் சட்டையை இழுத்திருப்பார்கள். அவர் சட்டை மாட்டிய நிலையிலேயே நின்று யோசித்தார்.

"இவ்ளோ அமைதியான எடத்துல கதவு மட்டும் ஏன் இப்படி அறையுது?"

"யார் மேலயோ கோபம்போல."

"கோபமில்ல சம்பந்தி, பாரம்."

கதவைத் திறந்தார். விட்டார். அறைந்தது. ஐந்து தடவை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "பதினஞ்சு கிலோ அதிகம்" என்றார். தானே மூடிக்கொள்ளும் கதவு அது. பின்பக்கம் கயிறு, கயிற்றுக்குக் கப்பி, கப்பியின் முனையில் சாக்குத்துணி சுற்றிய ஒரு பாரம். முழங்கை நீளம். சாக்கின் மேல் ஒரு கெட்டியான கம்பளிக் கயிறு அழகாக முடிபோட்டிருந்தது. நாங்கள் அதைத் தொடவில்லை. காரியஸ்தர் அதற்குள் வாசலுக்குப் போய் யாருடனோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

சம்பந்தி நேரே தோட்டத்துக்குப் போனார். அங்கே ஒரு துறவி வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எல்லாத் துறவிகளும் அங்கியின் மேல் கெட்டியான கம்பளிக் கயிற்றை இடுப்பில் கட்டியிருந்தார்கள். இவர் இடுப்பில் மட்டும் சணல். உட்கார்ந்திருந்தது ஒரு மணல் மூட்டையின் மேல். சம்பந்தி ஜாடை காட்டினார். துறவி எழுந்து வழிவிட்டார். சம்பந்தி மூட்டையை ஒரு கையால் தூக்கினார்.

"ஏழு கிலோ. கதவுக்கு அளந்து வச்ச பாரம். ஏழும் பதினஞ்சும் இருபத்திரண்டு."

நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துறவி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். விரலைத் தன் உதட்டில் வைத்தார். பிறகு அதே விரலைத் தூக்கி, மேலே தெரிந்த மணிக்கூண்டைக் காட்டினார். மறுபடி உட்கார்ந்து களை பிடுங்கத் தொடங்கினார்.

"தான் எடுத்த விரதத்தை மணிக்கும் சேர்த்துக் கொடுத்துட்டாரு" என்றேன்.

திரும்பி நடக்கையில் நான் சம்பந்தியின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வாயைத் திறக்காதீங்க. சொன்னீங்கன்னா மணி அடிச்சிடும், துறை போயிடும்."

"சொல்லலன்னா படகு போயிடும். அந்தம்மாவும் உள்ள போயிடும்."

"அதுக்காக?"

"முப்பத்தெட்டு வருஷத்துல கண்டுபிடிச்சதை நான் சொல்லாம விட்டதில்ல சம்பந்தி."

"இன்னிக்கு ஒருநாள் விடுங்க. உங்க இலாகா பென்ஷனை நிறுத்தாது."

அவர் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பதினோரு துறவிகள், படகில் வந்த வாத்தியார், செருப்புத் தைக்கிறவர், காவலாளிகளுக்கு நடுவே படகுக்காரி. மணிக்கூண்டின் மேலே இரண்டு ஆட்கள் நாக்கு வந்தால் மாட்டுவதற்குத் தயாராக நின்றார்கள். கோபுரத்தின் நிழல் கிணற்றுக்கு நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது.

சம்பந்தி நடுவில் போய் நின்று, "நாக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

மஞ்சள் குடை அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். படகுக்காரி சம்பந்தியைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. என் மகளை அந்த வீட்டில் கொடுத்ததற்கு முதல்முறையாக வருந்தினேன்.

காரியஸ்தர் ஓடி வந்தார். "எங்க? எங்க?"

"சொல்றேன். முறையாச் சொல்லணும். முதல்ல, எடைன்னா என்ன?"

ஆரம்பித்தார். ஆதியில் மனிதன் கல்லைக் கல்லோடு நிறுத்த வரலாறு. அங்கிருந்து விதைகளுக்கு வந்து, இரும்புக்குப் போனார். தராசின் முள்ளைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி மஞ்சள் குடைக்கு வழிவிட்டார். அப்போதுதான் கவனித்தேன். நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் அவர் பார்வை கிணற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்திருக்கிறது. சம்பந்தி 'கல்' என்று ஒரு சொல் சொன்னால் அவள் இரண்டு நிமிஷம் மொழிபெயர்த்தாள். என் பங்குக்கு நான் காதில் கையை வைத்து, "கடைசியா சொன்னது விழல சம்பந்தி" என்றேன். அவர் அதை இன்னும் விரிவாகச் சொன்னார்.

"போதும், எங்க இருக்குன்னு சொல்லு" என்று காரியஸ்தர் கத்தினார்.

"குறுக்கே பேசினா எனக்கு விட்டுப்போயிடும். முதல்லேருந்துதான் சொல்ல வரும்" என்ற சம்பந்தி, "முதல்ல, எடைன்னா என்ன?" என்றார்.

துறவிகளில் ஒருவர் தரையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்ற பத்துப் பேரும் உட்கார்ந்தார்கள். செருப்புத் தைக்கிறவர் கடையை விரித்து வேலையை ஆரம்பித்தார். வாத்தியார் பாதி விடைத்தாள்களைத் திருத்தி முடித்தார். நிழல் ஒரு எட்டு நகர்ந்தது.

பிறகு சம்பந்தி சந்தேகத்துக்கு உரியவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினார். முதலில் காவலாளிகள். அவர்கள் எடுத்திருக்க முடியாது என்பதை ஏழு காரணங்களோடு நிரூபித்தார். அடுத்து நான். இன்றைக்குப் பகலில்தான் இந்த ஊருக்கே வந்தேன் என்று நினைவுபடுத்தினேன். "இருந்தாலும் விசாரிக்கணும்" என்றார். இருபத்திரண்டு கிலோவை என்னால் தூக்க முடியுமா என்று பார்க்க, ஒரு பூந்தொட்டியைக் கொண்டுவரச் சொன்னார். தூக்கிப் பார்த்தேன். தூக்க முடியவில்லை. "நடிக்கறாரா இல்லையான்னு பாக்கணும், இன்னொரு தொட்டி கொண்டுவாங்க" என்றார். நிழல் இரண்டாவது எட்டை வைத்தது.

அதன் பிறகு காரியஸ்தர். "ராத்திரி சாவி யார்கிட்ட இருந்துச்சு? உங்ககிட்ட. மணிக்கூண்டுக்கு ஏணி எங்க இருக்கு? உங்க அறைக்குப் பக்கத்துல." காரியஸ்தருக்கு முகம் சிவந்துவிட்டது. தான் எடுக்கவில்லை என்று நிரூபிக்க அவரே அரைமணி நேரம் பேசினார். வேறு யாரும் அவரைப் பேசவிட்டு இவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்கமாட்டார்கள். நாங்கள் கேட்டோம். நடுநடுவே நான் "அப்புறம்?" என்றேன்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது படகுக்காரி சிரித்தாள். அவள் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடிமேல் நிழல் விழுந்திருந்தது.

சம்பந்தி கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்தார். "நாக்கு உங்க சாப்பாட்டுக் கூடத்துக் கதவுக்குப் பின்னால தொங்குது. போய்ப் பாருங்க. விரலைப் பத்திரமா வச்சுக்கோங்க, கதவு கொஞ்சம் முரடு."

காரியஸ்தர் ஓடினார். படாரென்ற சத்தமும், அதைத் தொடர்ந்து மொழிபெயர்க்கத் தேவையில்லாத இன்னொரு சத்தமும் கேட்டன. காவலாளிகள் சாக்கு மூட்டையைத் தூக்கிவந்து முற்றத்தில் போட்டார்கள்.

"யாரு? இதை யாரு வச்சது?"

"எடையைக் கேளுங்க, சொல்றேன்" என்றார் சம்பந்தி. "ஆளைக் கண்டுபிடிக்கறது என் இலாகா இல்ல."

அப்போது தோட்டத்துத் துறவி வந்தார். கூட்டம் வழிவிட்டது. நேரே மூட்டைக்கு அருகில் போய்க் குனிந்து, நிதானமாக அந்தக் கம்பளிக் கயிற்றை அவிழ்த்தார். இடுப்பிலிருந்த சணலை எடுத்துக் காரியஸ்தரின் கையில் கொடுத்தார். கயிற்றைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிபோட்டுக்கொண்டு, காரியஸ்தருக்கு ஒரு முழம் தூரத்தில், முகத்துக்கு நேரே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற பதினோரு பேரும் எழுந்து வந்து அவர் பின்னால் நின்றார்கள். அவர்களும் பேசவில்லை. காரியஸ்தருக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

"மணியை மாட்டுங்கடா! அடிங்கடா!" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

"அடிங்க" என்றாள் படகுக்காரி. "காதுக்கு நல்லா இருக்கும். நிழல் என்னவோ கிணத்துக்குள்ள இறங்கியாச்சு." காவலாளியின் முன் கையை நீட்டினாள். "நாக்கைக் கண்ணால பாத்தா நம்பறேன்னாரு. பாத்துட்டாரு. சங்கிலிச் சாவியைக் குடு."

காவலாளி காரியஸ்தரைப் பார்த்தான். காரியஸ்தர் ஷூவைப் பார்த்தார். அவள் கையை மடக்கவே இல்லை. கடைசியில் சாவி வந்தது.

"பத்து வருஷம் கழிச்சு மறுபடி வருவோம்" என்றார் காரியஸ்தர்.

"வாங்க. எனக்கு அப்ப அறுபது. இதே துறையிலதான் இருப்பேன், நீங்களே என் படகுல வந்து இறங்குவீங்க."

பஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. படகுக்காரி தன் ஊரிலேயே ராத்திரி தங்கச் சொல்லிவிட்டாள். எங்கள் மூவரையும், மாவுக்கட்டை மாற்றிக்கொண்டு வந்தவளையும், வாத்தியாரையும் ஏற்றிக்கொண்டு அவள் துடுப்பைப் போட்டாள். நடு ஆற்றில் இருக்கையில் மேலே மணி மூன்று முறை அடித்தது. நல்ல கனமான மணி. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இருநூத்துப் பத்து கிலோ இருக்கும்" என்று சம்பந்தி மெதுவாகச் சொன்னார். அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

மூன்று கிராமங்களும் இன்றுவரை அந்தத் துறையில்தான் இறங்குகின்றன.

எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளைகள் கிடையாது.